லோதி கார்டனில் கைர்பூர் எங்கே?

டெல்லி லோதி கார்டனுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இடம் நன்றாக இல்லை என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு நன்றாக இருக்கிறது, அதனால்தான் உறுத்துகிறது.

குளிர்காலக் காலை. மூடுபனியில் முதலில் ஒரு குவிமாடம் மட்டும் அந்தரத்தில் தொங்கிய மாதிரி தெரிந்தது. கிட்டே போகப்போகத் தூண்கள், வளைவுகள், மூலைக்கு மூலை சாய்ந்து நிற்கும் முட்டுச்சுவர்கள் என்று எண்கோணக் கட்டிடம் ஒன்று வெளியே வந்தது. 1444-இல் கட்டிய முகமது ஷாவின் சமாதி. அவர் லோதிகளுக்கு முன்னால் டெல்லியை ஆண்ட சையது வம்சத்து சுல்தான். ஆக, லோதி பெயர் வைத்த தோட்டத்தில் முதலில் நம்மை வரவேற்பவர் லோதியே இல்லை! சிக்கந்தர் லோதி அந்தப் பக்கம் மதில் போட்ட தனி வளாகத்தில் படுத்திருக்கிறார். 1517-இல் அவர் இறந்த கையோடு மகன் இப்ராஹிம் எழுப்பியது அது. அந்த மகன்தான் 1526-இல் பானிபட்டில் பாபரிடம் தோற்று உயிரை விட்டவர்.

எனக்குப் பிடித்தது அங்கே இருக்கும் ஷீஷ் கும்பத் என்ற சமாதி. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு மாடி போலத் தெரியும். உள்ளே ஒரே கூடம். சுவரின் மேல்பக்கம் பாசி படிந்த மாதிரி ஏதோ இருக்கிறதே என்று கிட்டே போய் அண்ணாந்தால், அத்தனையும் நீல ஓடுகள். முக்கால்வாசி உதிர்ந்துபோய், மிச்சம் ஒரு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் பட்டதும் மயில்கழுத்து நிறத்தில் மின்னின. உள்ளே பல கல்லறைகள். யாருடையவை என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். இந்தச் சமாதிகளைச் சுற்றி கைர்பூர் என்று ஓர் ஊர் வளர்ந்திருந்தது. ஜனங்கள் குடியிருந்த ஊர். இந்தச் சுவர்களில் வறட்டி தட்டியிருப்பார்கள், இந்த நிழலில் மாடு கட்டியிருப்பார்கள். அவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் 1936-இல் வைஸ்ராய் மனைவியின் பெயரில் லேடி வில்லிங்டன் பார்க் திறந்தார்கள். சுதந்திரம் வந்ததும் பெயர் மாறியது. 1968-இல் கட்டிடக் கலைஞர் ஜோசப் ஆலன் ஸ்டைனும் தோட்ட வடிவமைப்பாளர் காரெட் எக்போவும் தோட்டத்தை மறுபடி வடிவமைத்தார்கள். நாம் 'இயற்கை' என்று மூச்சை இழுத்து ரசிக்கிற காட்சியில் பாதி, யாரோ மேசையில் கோடு போட்டுத் தீர்மானித்தது.

ஊர் அங்கேயே இருந்திருந்தால் சமாதிகளில் ஒரு கல் மிஞ்சியிருக்குமா என்று கூட வந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டிடங்கள் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷமே. தோட்டத்தை மூடச் சொல்லவில்லை, ஒரு பலகை வைக்கத்தான் சொல்கிறேன். நான் நின்று படித்த பலகைகளில் எந்த சுல்தான், எந்த ஆண்டு, எந்த பாணி என்றெல்லாம் இருந்தது. கைர்பூர் ஜனங்களைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கும் இதே கதைதான். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த செனெகா வில்லேஜை 1857-இல் காலி செய்துவிட்டுத்தான் அந்தப் பூங்கா. ரொம்பத் தாமதமாகத்தான் என்றாலும், அந்த இடத்தில் இப்போது அந்த ஊரின் கதையைச் சொல்லும் பலகைகள் நிற்கின்றன.

அட்புலா பாலத்தையும் விடாதீர்கள், அக்பர் காலத்தது. 'எட்டு' என்று பெயர் இருக்கிறதே என்று வளைவுகளை எண்ணினேன், ஏழுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், அதே ஏழு. வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் குரங்குக் குல்லாவை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்: "வளைவை எண்ணாதீங்க, தூணை எண்ணுங்க." தினமும் யாராவது ஒருத்தர் அவரிடம் மாட்டுவார்கள் போல.

கிளம்பும் நேரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து இறங்கியது. அங்கே இருக்கும் படா கும்பத் என்ற பழைய கட்டிடத்தின் படியில் ஏறி நின்ற டீச்சர், "இங்கே முன்னாடி யார் இருந்தாங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"ராஜா!" என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். டீச்சரும் தலையாட்டினார். ஒரு ராஜாகூட அங்கே குடியிருந்ததில்லை. செத்த பிறகு வந்தவர்கள்தான்.