ஐஸ் எந்த குரூப்?

பத்தாவது ரிசல்ட் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஒரே பேச்சுதான். எந்த ஸ்கூல், எந்த குரூப்? புது வண்ணாரப்பேட்டையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவரின் மகள் மூன்று வருஷமாக என்னிடம் படிக்கிறாள். போன வாரம் பிளஸ் ஒன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "மிஸ், கம்ப்யூட்டர் எடுத்தா பயாலஜி போயிடும். பியூர் சயின்ஸ் எடுத்தா கணக்கு போயிடும். பயோ மேத்ஸுக்கு மார்க் பத்தாதுன்றாங்க. எதை வுடறது?"

எதைப் படிப்பது என்று கேட்க வேண்டிய வயதில், எதை விடுவது என்று கேட்கிறாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் இதே பெண் எட்டாவது படிக்கும்போது என்னிடம் கேட்ட கேள்வி வேறு மாதிரி. அவள் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். லீவு நாளில் இவளும் கூடப் போவாள். ஐஸ் பாரைக் கோணிமேல் போட்டு உடைத்து, பெட்டியில் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை சங்கரா, மறுபடியும் ஐஸ் என்று அடுக்குவார்கள். வெயில் ஏற ஏற பெட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். "அவ்ளோ ஐஸ் உருகுது மிஸ், அப்பவும் மீன் மட்டும் எப்படி அதே சில்லுனு இருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கிடைத்தது. ஜோசப் பிளாக் என்பவர் ஐஸ் உருகுவதைப் பொறுமையாக உட்கார்ந்து அளந்து பார்த்தார். சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் கடைசித் துண்டு கரையும்வரை வெப்பமானி பூஜ்ஜியத்தைவிட்டு நகரவில்லை. உள்ளே போன சூடெல்லாம் ஐஸைத் தண்ணீராக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரியை உருகிய தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிக்குச் சூடாகிவிடும். ஒழுகிப் போகும் ஒவ்வொரு சொட்டும் மீனுக்கு வர இருந்த சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது என்று சொன்னேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த பிளாக் மருத்துவப் பட்டம் வாங்கியவர். பாடம் நடத்தியது வேதியியல். கண்டுபிடித்த உள்ளுறை வெப்பம் இன்றைக்கு இருப்பது இயற்பியல் புத்தகத்தில். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட் அவருக்கு நண்பர். அவர்தான் பிறகு நீராவி இயந்திரத்தின் போக்கையே மாற்றினார். நம் ஊர் அட்மிஷன் கவுன்ட்டரில் பிளாக்கை நிறுத்தினால் எந்த குரூப் கொடுப்போம்?

அதே மீனை வீட்டுக்கு எடுத்துவாருங்கள். கடல் மீன் வைக்க வைக்க நாற்றமெடுப்பது பாக்டீரியாவின் வேலை. மீன் உடம்பில் இருக்கும் ஒரு பொருளை அவை டிரைமெத்தில் அமீன் ஆக்குகின்றன. அது அமிலத்துக்கு நேரெதிரான காரம் (பேஸ்). அதனால்தான் புளியோ எலுமிச்சையோ போட்டு அலசினால் வாடை அடங்குகிறது, அமிலம் அதைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஐஸ் பெட்டியில் இயற்பியல், மீனுக்குள் உயிரியல், அலசும் சட்டியில் வேதியியல். அக்கா இதை மூன்று பாடமாகப் பிரித்துக்கொண்டா மீன் விற்கிறார்?

சுவர்கள் பிற்பாடு வந்தவை. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இருப்பது இயற்கைத் தத்துவம் என்ற பெயர்தான். உயிரியல் என்பதைத் தனித் துறையாகக் காட்டும் 'பயாலஜி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததே 1802 வாக்கில், லமார்க், டிரெவிரேனஸ் போன்றவர்கள் எழுத்தில். 'சயின்டிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் அச்சில் வந்தது 1834-ல். அறிவு பெருகப் பெருக ஒருவர் தலையில் எல்லாம் அடங்கவில்லை, அதனால் பிரித்துக்கொண்டார்கள். அதில் தப்பே இல்லை. கண் டாக்டரும் எலும்பு டாக்டரும் தனித்தனியாக இருப்பதால்தான் நமக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறது. என் கோபம் எல்லாம், வேலை வசதிக்காகப் போட்ட தடுப்பை பதினைந்து வயதுப் பிள்ளையின் அறிவுக்கு அளவுகோலாக ஆக்கிவிட்டோமே என்பதுதான். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கெட்டிக்காரன், தேர்டு குரூப் என்றால் ஏதோ பிழைத்துக்கொள்வான். அறிவியலின் வரலாற்றில் இப்படி ஒரு படிக்கட்டே கிடையாது.

நம் சென்னையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஜி. என். ராமச்சந்திரன் 1952-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக வந்தார், சர் சி. வி. ராமனின் மாணவர். அப்போது இங்கே வந்திருந்த பெர்னால் என்ற பிரிட்டன் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். கொலாஜன் நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் புரதம். பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் புரளும் ஒவ்வொரு தோலிலும் தண்ணீரை நீக்கிப் பார்த்தால் பெரும்பங்கு அதுதான். அதை எங்கே தேடுவது? அடையாறில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. அதை எக்ஸ்ரே கதிரில் படமெடுத்து, கோபிநாத் கர்தாவோடு சேர்ந்து 1954, 1955 ஆண்டுகளில் ராமச்சந்திரன் சொன்ன விடை: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு திரிந்திருக்கின்றன. காசிமேட்டில் விசைப்படகைக் கட்டும் முப்புரிக் கயிற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1963-ல் தன் சகாக்களோடு அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் புரதங்களின் அமைப்பு சரியா என்று இன்றைக்கும் உலகம் முழுக்கச் சரிபார்க்கிறார்கள். இயற்பியல் வாத்தியார், தோல் தொழிலின் பொருள், உயிரியலின் கேள்வி. டியூஷனில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

எனக்கும் ஒரு காயம் உண்டு. நான் படித்த பள்ளியில் என் கணக்கு மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு, "உனக்கு சயின்ஸ் வேண்டாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தவளையின் இதயத்தை நோட்டில் வரைந்து வைத்திருந்த பெண் நான். பிறகு எப்படியோ சுற்றிச் சுற்றி, என் சொந்த முயற்சியில் அறிவியலுக்குத் திரும்பி வந்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தச் சுற்று வழி கிடைக்காது.

2017 ஜனவரி 28 வடசென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் அதை வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். கனமான எண்ணெய் கடல் தண்ணீரோடு அலையில் அடிபட்டுக் குழம்பாகக் கெட்டியாகிவிடுவது ஏன் என்பது வேதியியல். அது மெரினாவையும் தாண்டித் தெற்கே போனது காற்றும் நீரோட்டமும் செய்த வேலை. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதம் அது என்பது உயிரியல். அள்ளியவர்களின் தோலுக்கு என்ன ஆகும் என்பது மருத்துவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் வந்தது. நாளைக்கு நம் பிள்ளைகள் விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகள் இவை. இதில் ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை விட்டுவிட்டவரால் கரையில் நின்று என்ன செய்ய முடியும்?

அதனால் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாடத்தைச் சூத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள். இதை யார், எதற்காகக் கேட்டார்கள் என்று ஐந்து நிமிஷம் சொல்லிவிட்டு அப்புறம் சூத்திரத்துக்குப் போங்கள். பெற்றோர்களே, எந்த குரூப் கிடைத்தாலும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள், மற்றப் புத்தகங்களும் வீட்டில் இருக்கட்டும்.

அந்தப் பெண் கடைசியில் பியூர் சயின்ஸ் எழுதியிருக்கிறாள். கணக்கை நான் சனிக்கிழமைகளில் சொல்லித்தருவதாகப் பேச்சு. விண்ணப்பத்தை மடித்துவிட்டு அடுத்த கேள்வியையும் போட்டுவிட்டாள்: "ஐஸ்ல கல்லுப்பு போட்டா இன்னும் சில்லுனு ஆகுதே, அது எதுனால மிஸ்?" பதிலை வாயால் சொல்லாமல் அளந்தே காட்டலாம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணிக்கு, அக்காவின் மீன் பெட்டி பக்கத்தில். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை காட்டும் வெப்பமானி யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் கொடுங்கள், கமென்டில் சொல்லுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.