சுஷின்னா பச்சை மீனா?

"ஐய, பச்சை மீனா?" வண்ணாரப்பேட்டையில யாருக்கு சுஷியை நீட்டினாலும் முதல்ல வர்றது இதுதான். சுஷின்னா வினிகர் கலந்த ஜப்பான் சோறுங்க! வெள்ளரிக்காய் வச்சு உருட்டினாலும் அது சுஷிதான்.

அதைவிடக் கடுப்பு, "காசிமேட்டுல விடியக்காலை வந்த வஞ்சிரம், அப்படியே நறுக்கிப் போடு"ன்னு கிளம்புற வீரருங்க. புது மீன்ல புழு இருக்காதுன்னு யாரு சொன்னது? பச்சையா தின்னணும்னா மைனஸ் 20 டிகிரியில 7 நாள் உறைய வைக்கணும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 தொட்டாலே பெருசு. வஞ்சிரம், சூரை எல்லாம் ஐஸ் இல்லாம கிடந்தா ஹிஸ்டமின்ங்கிற நச்சு வேற சேரும். வேகவச்சாலும் அது போகாது. பேசாம இறாலை வாங்குங்க. வயித்துப் பக்கமா நீளக் குச்சி சொருகி வேகவச்சா சுருளாது.

அப்புறம் அந்தப் பொன்னி அரிசி! உதிரி உதிரியா வர்றதுக்குன்னே இருக்குறதை உருட்டினா எப்படி நிக்கும்? ஜப்பான் குட்டை அரிசி 2 கப்புக்கு அரிசி வினிகர் 4 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன். சோறு சூடா இருக்கும்போதே கலக்கணும், ஆறினா இழுக்காது. ராத்திரிக்குன்னு ஃப்ரிட்ஜுல வச்சீங்கன்னா பருக்கை பருக்கையா கல்லாயிடும். அப்புறம் "சுஷி நல்லாவே இல்ல"ன்னு நம்மகிட்டயே வந்து சொல்றது!