ஹார்ப் தாலாட்டுக் கருவி அல்ல

பல தந்திகளை விரல்களால் மீட்டி வாசிக்கும் மேற்கத்தியக் கருவியான ஹார்ப்பின் இசையை இணையத்தில் தேடினால் தூக்கத்துக்கு, தியானத்துக்கு, மன அமைதிக்கு என்று பெயரிட்ட தொகுப்புகளே முதலில் வந்து நிற்கின்றன. இது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். ஹார்ப்பையும் வயலின் குடும்பத்தையும் மட்டும் சேர்த்து எழுதப்பட்ட மேற்கத்தியச் செவ்வியல் படைப்புகளை ஊன்றிக் கேட்ட எவரும் அந்தக் கருவியைப் பின்னணி ஒலியாக ஒதுக்கிவிட மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஹார்ப்பின் தந்தியை விரல் விட்ட நொடியிலேயே அதன் ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. எத்தனை பெரிய கலைஞரானாலும் அதை நீட்டவோ பெருக்கவோ முடியாது, உள்ளங்கையை வைத்து நிறுத்த மட்டுமே முடியும். வயலினிலோ வில் நகரும்வரை ஸ்வரம் வாழ்கிறது, வளர்கிறது, மெலிகிறது. தேய்ந்தே தீரும் ஒலியும் நிலைத்து நிற்கக்கூடிய ஒலியும் அருகருகே நிற்கும்போது என்ன நிகழும் என்பதே இந்த இசை வகையின் உயிர்நாடி.

பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி 1904இல் எழுதிய 'புனித நடனமும் உலகியல் நடனமும்' இதற்கு மிகச் சிறந்த சான்று. தொடக்கத்தில் வயலின் குடும்பத்துக் கருவிகள் எல்லாம் ஒரே மெட்டை ஒன்றாக, எந்தச் சேர்க்கையும் இன்றி, ஏறக்குறைய ஒரு வழிபாட்டுப் பாடலைப் போல இசைக்கின்றன. அதன்பின் ஹார்ப் நுழைகிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் அருவி போன்ற சரிவோடு அல்ல, பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் முழு ஸ்வரக்கூட்டுகளாக, நிதானமாக அடியெடுத்து வைத்து நுழைகிறது. ஒவ்வொரு கூட்டும் மணியோசை போல எழுந்து மங்குவதை நாம் கேட்கிறோம். அலங்காரம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

இந்தப் படைப்பு பிறந்ததே ஒரு வணிகப் போட்டியில்தான். பாரிஸின் ப்ளெயெல் நிறுவனம், சுருதியை மாற்றும் கால்மிதிகளே இல்லாமல், இரண்டு வரிசைத் தந்திகள் குறுக்காகச் செல்லும் புதிய ஹார்ப் ஒன்றை உருவாக்கி, அதற்காக டெபுஸியிடம் இதைக் கேட்டு வாங்கியது. மிதி ஹார்ப்பைச் செய்துவந்த எரார் நிறுவனம் இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ராவெலை அணுகியது. 1905இல் அவர் எழுதிக் கொடுத்ததில் தந்தி நால்வர் குழுவோடு (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) புல்லாங்குழலும் கிளாரினெட்டும் உண்டு. ப்ளெயெலின் கருவி காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதற்கென்று எழுதப்பட்ட இசை மட்டும் நிலைத்து, இன்று போட்டிக் கருவியான மிதி ஹார்ப்பிலேயே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது.

அப்படி வாசிப்பது எளிதன்று. மிதி ஹார்ப்பில் 47 தந்திகளும் ஏழு மிதிகளும் உள்ளன. ஒவ்வொரு மிதிக்கும் மூன்று நிலைகள். முன்தூணுக்குள் ஓடும் கம்பிகள் வழியாக மிதியின் அசைவு மேலே சென்று தந்தியின் சுருதியை மாற்றுகிறது. (நம் பழைய யாழுக்கு அந்த முன்தூண் இல்லை, ஹார்ப்பை யாழ் என்று மொழிபெயர்க்க நான் தயங்குவதற்கு அதுவே காரணம்.) கால்களுக்கு அருகே கேமரா வைத்துப் பதிவு செய்த ஒரு காணொளியை அண்மையில் பார்த்தேன். மேலே கைகள் நீரோடையைப் போல நகர்ந்துகொண்டிருக்க, கீழே இரண்டு பாதங்களும் ஓயாமல் இடம் மாறி, அடுத்த ஸ்வரக்கூட்டுக்கான மிதிகளை முன்கூட்டியே அமைத்துக்கொண்டிருந்தன. அந்த உழைப்பின் சுவடு இசையில் எங்கும் தெரியவில்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆந்த்ரே காப்லே, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கொள்ளைநோய்க் கதையை ஹார்ப்புக்கும் தந்தி நால்வர் குழுவுக்குமாக இசைத்தபோது, கலைஞரை ஹார்ப்பின் மரப்பகுதியைத் தட்டவே வைத்தார். மரணம் வந்து கதவைத் தட்டும் அந்த ஓசையை மென்மை என்ற சொல்லுக்குள் அடக்க வழியில்லை.

எனக்கு மிக நெருக்கமானது ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் அடாஜியெட்டோ என்ற பெயரில் வரும் மெதுவான பகுதி. பெரும் இசைக்குழு முழுவதும் வாய்மூடியிருக்க, வயலின் குடும்பமும் ஒற்றை ஹார்ப்பும் மட்டும் ஒலிக்கும் பகுதி அது. தாளம் எங்கே விழுகிறது என்று பிடிபடாத அளவுக்கு மெதுவாக நீளும் வயலின் மெட்டுக்கு அடியில், ஹார்ப்தான் காலத்தை எண்ணித் தருகிறது. நடுப்பகுதியில் மாலர் அதை முற்றிலும் நிறுத்திவிடுகிறார். வயலின் குடும்பம் மட்டும் பிடிமானமின்றி அலைகிறது. முதல் மெட்டு திரும்பும்போது ஹார்ப்பும் திரும்புகிறது. இத்தனை நேரம் எது இல்லாமல் தவித்தோம் என்பது அப்போதுதான் காதுக்குப் புரிகிறது.