சீனக்குடாவில் ஒரு குதத்தையாவது மக்களுக்குத் திறந்துவிடுங்கள்

திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்தில் கட்டிய எண்ணெய்க் குதங்கள், அதாவது பெரிய எண்ணெய்த் தாங்கிகள் என்றாலே, இந்தியாவுக்குக் கொடுத்தது சரியா பிழையா என்ற வாதம்தான். 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 99 குதங்களும் பங்கு பிரிந்தன: இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, எங்கள் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அந்த வாதம் நடக்கட்டும். பாவனையில் இல்லாத ஒரு குதத்தைத் திருத்தி, எங்கள் பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்க்க விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வேல்ஸில் இருக்கும் அக்கா என்னை பிளெய்னாவன் ஊரின் 'பிக் பிட்' நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனா. 1980இல் மூடிய சுரங்கம், 1983இலேயே பார்வையாளருக்குத் திறந்துவிட்டார்கள். லிப்ட் 90 மீற்றர் கீழே இறங்குகிறது. இறங்குமுன் கைபேசி, பற்றரி மணிக்கூடு, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். மீதேன் வாயு இருக்கக்கூடிய இடம், ஒரு பொறி போதும். வழிகாட்டி முன்பு சுரங்கத் தொழிலாளி. கீழே போனதும் எல்லாரையும் தலைவிளக்கை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு முன்னால் பிடித்த கை தெரியவில்லை. அந்த இருட்டில் இருந்துதான் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகள் காற்றுக் கதவுகளைத் திறந்து மூடினார்களாம். எந்தப் பலகையில் எழுதி வைத்தாலும் அது அப்படி மனதில் ஏறாது.

வேல்ஸ் கரியில் ஓடிய பிரித்தானியக் கடற்படை எண்ணெய்க்கு மாறியதால்தான் எங்கள் காட்டுக்குள் இந்தக் குதங்கள் எழும்பின. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருமலையைத் தாக்கியபோது ஒரு குதம் தீப்பற்றி எரிந்தது. அதன் எச்சம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று வந்துபோகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

தயவுசெய்து பெயின்ட் அடித்து, செல்பி எடுக்கும் இடமாக்கிவிடாதீர்கள். துரு இருக்கட்டும். முதல் செலவு பாதுகாப்புக்குப் போகவேண்டும்: அடியில் தங்கிய கசடை அகற்றி, உள்ளே வாயு இல்லை என்று சோதித்து, காற்றோட்டத்துக்கு வழி செய்து, அப்புறம்தான் ஆட்களை விடவேண்டும்.

அதைவிட அவசரம் மனிதர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார், குதத்தில் வேலை செய்தவர். உச்சியில் ஏறி, நுனியில் பாரம் கட்டிய டேப்பைக் குதத்தின் வாய் வழியாக இறக்கி, எண்ணெய் நனைத்த இடத்தை விரலால் பிடித்து அளவு சொல்வதை இன்றும் கையாலேயே செய்து காட்டுவார். வழிகாட்டியாக நிற்கவேண்டியவர் அவர். தமிழ், சிங்களம் இரண்டும் சரளமாகப் பேசுவார். குதம் திறக்கும்வரை காத்திராமல், இவர்களின் பேச்சை இப்போதே பதிவு செய்யத் தொடங்கவேண்டும். உங்கள் வீட்டிலும் அங்கே வேலை செய்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், நானே வந்து பதிவு செய்கிறேன்.