காட்டுக்குள்ளுமா ஸ்பீக்கர்?

மலேசியாவின் பினாங்குத் தீவில், தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுப்பாதையில் ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் போட்டோம். கரையை ஒட்டியே அந்த அதிசய ஏரி. மழைக்காலத்தில் மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காது. சரி, நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றால், பக்கத்துக் கூடாரத்துக்காரர் அவ்வளவு தூரம் சுமந்து வந்தது புளூடூத் ஸ்பீக்கரை! நடுராத்திரி வரை குத்துப்பாட்டு. "அண்ணே, கொஞ்சம் குறைங்களேன்" என்றால், "ஜாலியா இருக்கத்தானே தம்பி வந்தோம்" என்று சிரிக்கிறார். பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடம் இது. வெளிச்சம் பட்டாலே மிரண்டு திரும்பிவிடும். இவரோ டார்ச்சைக் கடல் பக்கம் ஆட்டிக்கொண்டே ஆடுகிறார். காலையில் ஒரு குரங்கு அவருடைய ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்த ஸ்பீக்கரைத் தூக்கியிருக்கக் கூடாதா?