தவணை தவறவில்லை, சரி. வீட்டில் என்ன மிஞ்சியது?

பெண்களைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் எனப்படும் சிறு கடன் கொடுத்தால் ஒரு தவணைகூடத் தவறாது என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வறுமை குறைந்ததற்கு அதையே சான்றாகக் காட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. கொடுத்த பணம் திரும்பி வந்தது என்பது கொடுத்தவருடைய கணக்கு. வாங்கியவள் எதை அடகு வைத்துக் கட்டினாள் என்பது அதில் இருக்காது.

எங்கள் தெருவில் வாரத் தவணை கட்டும் கடன் குழு காலை ஏழு மணிக்கே கூடிவிடும். அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். ஒருத்தி வரவில்லை என்றால் அவளுடைய டியூவை மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும்; அதுவரை வசூலுக்கு வந்தவர் எழுந்திருக்க மாட்டார். அப்புறம் என்ன, அவள் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவது பக்கத்து வீட்டு அக்காதான். அடியாள் யாரும் தேவையில்லை. நேற்றுவரை குழம்பு வாங்கிக் கொடுத்துக்கொண்டவர்கள் முகம் பார்க்காமல் போகிறார்கள். இதற்குப் பெயர் பெண்கள் முன்னேற்றமா?

மாட்டுக் கடனையே பாருங்கள். பணம் கைக்கு வந்த மறு வாரமே தவணை தொடங்கிவிடும். கறவை வற்றினாலும் டியூ நிற்காது. அதைக் கட்ட இன்னொரு குழுவில் லோன், அதைக் கட்ட மூன்றாவது.

2010-ல் ஆந்திராவில் இப்படி அடுக்கடுக்காக ஏறிய கடனும் வசூல் நெருக்கடியும் தற்கொலைகளில் போய் முடிந்தன. அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

குழு என்றாலே எல்லாம் ஒன்றல்ல. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் முறையே வேறு. முதலில் சேமிப்பு. அந்தப் பணத்திலிருந்து தங்களுக்குள் கடன். வங்கிக் கடன் அதற்குப் பிறகுதான். உள்கடனுக்குக் கட்டும் வட்டி குழுவின் பணமாகவே தங்கும். யாருக்கு அவசரம், யாருக்கு ஒரு மாதம் பொறுக்கலாம் என்று பெண்களே பேசி முடிவெடுப்பார்கள். வரவு செலவு நோட்டு அவர்கள் கையில் இருக்கும். அந்த நோட்டை எழுதிப் பழகி, வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசி, பின்னாளில் ஊராட்சித் தேர்தலில் நின்றவர்கள் உண்டு. அதிகாரம் என்று நான் சொல்வது இதைத்தான். அந்தக் குழுக்களிலும் சண்டை வரும், கட்சி நுழையும். ஆனாலும் அங்கே பெண் வெறும் கையெழுத்து அல்ல.

இன்னொன்று, நுண்கடன் கொடுப்பவர்கள் போடும் வட்டி. 12,000 ரூபாய்க்கு ‘வருசத்துக்கு 12 சதவீதம்தான்’ என்பார்கள். மாதம் 1,120 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் உண்மையான வட்டி ஏறக்குறைய 21.5 சதவீதம். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழுத் தொகைக்கே போடுகிறார்களே!

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடன்தான் நுண்கடன். எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் விவரம் எழுதிய கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. குழுவில் இருக்கும் அம்மாக்கள், அக்காக்களிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, குறையும் அசலுக்கு வட்டி எவ்வளவு என்று அதில் பார்க்கச் சொல்லுங்கள்.