பார்த்தது போதும், விளையாடிப் பாருங்கள்

அக்கா மகனிடம் ஒரு பழைய வீடியோ கேமின் பெயரைச் சொல்லி, "ஒரு தடவையாவது விளையாடிப் பாரேன்டா" என்றேன். "அதை முழுசா பார்த்துட்டேன் சித்தி" என்றான். யூடியூபில் யாரோ முதலிலிருந்து கடைசிவரை விளையாடிப் போட்ட வீடியோவைச் சொல்கிறான். கதை தெரியும், முடிவு தெரியும், எந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதுகூடத் தெரியும். இனிமேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறான்.

அன்று அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். வீடியோ கேமைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கரையில் நின்று நீச்சலைப் பார்த்தவருக்கும் தண்ணீரில் இறங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் அது. பழைய விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். படமும் பழசு, சத்தமும் பழசு, சும்மா பார்ப்பவருக்கு அதில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதன் உயிர் முழுக்க விரல் நுனியில் இருக்கிறது. இதுவரை வீடியோ கேம் பக்கமே போகாதவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

டெட்ரிஸில் ஆரம்பியுங்கள். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் எழுதியது. அவரிடம் இருந்த எலக்ட்ரோனிகா 60 கணினியால் படம் காட்ட முடியாது, எழுத்தை மட்டும்தான் காட்டும். அதனால் அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துண்டுகளை உருவாக்கினார். நான்கு சதுரங்களை ஒட்டினால் வரும் ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். வரிசை நிறைந்தால் மறையும். விதி அவ்வளவுதான்.

பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். ஒரே அடியில் நான்கு வரிசையை அழிக்க ஆசைப்பட்டு, ஓரத்தில் ஒரு சந்து விட்டுவைப்பீர்கள். நான்கு சதுரமும் ஒரே கோட்டில் நிற்கும் நெட்டைக் குச்சி வந்தால் போதும். வராது. அடுக்கு ஏறிக்கொண்டே போகும். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பொறுப்பீர்கள். கடைசியில் மனம் தளர்ந்து வேறொரு துண்டால் சந்தை அடைப்பீர்கள். அடுத்ததாக வரும் குச்சி. அந்த நொடியில் அடிவயிற்றில் ஒரு இழுப்பு இருக்கும் பாருங்கள், அதை எந்த வீடியோவும் தராது. குச்சியின் மேல் கோபம் வராது, காத்திருக்காமல் விட்ட நம் மேல்தான் வரும்.

இந்த விளையாட்டு உடம்பில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் செய்தது, 2000ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வந்தது. நினைவாற்றல் இழந்த ஐந்து பேரை டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். ஆடியது அவர்களுக்கு நினைவில் நிற்காது. ஆனாலும் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் துண்டுகள் விழுவது தெரிகிறது என்று அவர்களில் மூன்று பேர் சொன்னார்கள். இதைப் படித்த நாளிலிருந்து டெட்ரிஸை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்தது சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1985. இதில் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் இதன் முதல் ஒரு நிமிடம் எனக்கு ஒரு நல்ல ஆசிரியரின் வகுப்பு மாதிரி. திரையில் எந்த விளக்கமும் கிடையாது. மரியோ இடது ஓரத்தில் வலப்பக்கம் பார்த்து நிற்கிறான், வலப்பக்கம் காலியாக இருக்கிறது. அதனால் வலப்பக்கம் நடக்கிறீர்கள். நாய்க்குடை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்று எதிரே வருகிறது. மோதினால் சாவு. போனது சில நொடிதான், அதனால் வருத்தம் இல்லை. மறுமுறை குதிக்கிறீர்கள். அதன் தலைமேல் விழுந்தால் அது நசுங்குகிறது. சரி, குதிப்பது நல்லது என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் கேள்விக்குறி போட்ட பெட்டி. முட்டினால் ஒரு காளான் வெளியே வருகிறது. இப்போதுதானே அதே மாதிரி ஒன்றிடம் செத்தோம்? பயம் வரும். ஆனால் காளான் வலப்பக்கமாக ஓடி, அங்கிருக்கும் குழாயில் இடித்து, நம்மை நோக்கித் திரும்பி வருகிறது. தப்பிக்கக் குதித்தால் மேலே இருக்கும் செங்கலில் தலை இடித்து அதன் மேலேயே விழ வாய்ப்பு அதிகம். பட்டதும் மரியோ பெரியவனாகிறான். அடடா, இது நல்லது! குழாயையும் செங்கலையும் அந்த இடத்தில் வைத்தது இதற்காகவே. இந்த விளையாட்டை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ இதைப் பேட்டியில் விளக்கியிருக்கிறார். விளக்கம் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, விளையாடும்போது யாரோ நம் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது தெரியும்.

அப்புறம் அந்தக் குதிப்பு. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னதாக எழும்புவான், அழுத்திப் பிடித்தால் உயரமாகப் போவான். காற்றில் இருக்கும்போதே திசையை மாற்றலாம். ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிற்க மாட்டான், சறுக்குவான். ஒரு மணி நேரம் ஆடினால் இதெல்லாம் நம் கால் போல ஆகிவிடுகிறது. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல எத்தனையோ மடங்கு. இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள், மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை. ஆனால் குதிப்பில் மட்டும் எந்தச் சிக்கனமும் பார்க்கவில்லை.

இயந்திரத்தின் போதாமையே அழகாகிவிடும் கதை இந்தக் காலத்து விளையாட்டுகளில் நிறைய உண்டு. 1978இல் டொமொஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகத்தார் வரிசையாக இறங்கி வருவார்கள். சுடச்சுட மிச்சம் இருப்பவர்களின் வேகம் கூடும். வரைய வேண்டியது குறைந்ததால் கணினிக்கு வேலை குறைந்து, அதனால் வந்த வேகம் அது. அவர் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒருவனைக் குறிவைக்கும்போது கை நடுங்குவதற்குக் காரணம் அதுதான்.

பேக்மேன், 1980. டோரு இவாடானியின் விளையாட்டு. சந்துகளுக்குள் புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடமிருந்து தப்பவேண்டும். நான்கு பேய்கள் துரத்துகின்றன என்று நினைத்து ஆடினால் சீக்கிரம் சலித்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள். சிவப்பு நேராக நம் பின்னாலேயே வரும். இளஞ்சிவப்பு நமக்கு முன்னால் நான்கு கட்டம் தள்ளிக் குறிவைத்து மடக்கப் பார்க்கும். ஆரஞ்சு துரத்திக்கொண்டே வந்து, கிட்டே நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். நீலம் சிவப்பு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும். நடுநடுவே நான்கும் துரத்தலை விட்டு அவரவர் மூலைக்குப் போகும், நமக்கு மூச்சுவிட சில நொடி கிடைக்கும். இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே ஆடியவர்களுக்கும், கொஞ்ச நாளில் "அந்த ஆரஞ்சு ஒன்றும் செய்யாது" என்று தோன்றிவிடும்.

நான் நெஞ்சுக்கு நெருக்கமாக வைத்திருப்பது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. 1989இல் ஆப்பிள் II கணினிக்காக ஜோர்டன் மெக்னர் செய்தது. தன் தம்பிக்கு வெள்ளை உடை போட்டு ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு படமாகப் பிரித்து வரைந்து கணினியில் ஏற்றினார். அதனால் இந்த இளவரசனுக்கு ஒரு மனிதனின் எடை இருக்கிறது. ஓடும்போது திரும்பச் சொன்னால் உடனே திரும்ப மாட்டான், கால் ஊன்றித்தான் திரும்புவான். பள்ளத்தின் விளிம்புக்கு ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துப் போகலாம். தொங்கலாம், ஏறலாம், தப்புக் கணக்குப் போட்டால் கூர்மையான ஈட்டிமுனைகளில் விழலாம். விளையாட்டை முடிக்க மொத்தம் 60 நிமிடம்தான் அவகாசம். அவசரப்பட்டால் சாவு, நிதானமாகப் போனால் நேரம் கரையும். இந்த இழுபறியை மரியோவின் குதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே செயல் இரண்டு விளையாட்டில் எவ்வளவு வேறாக இருக்கிறது என்பது கைக்கே தெரியும்.

சண்டை போட ஓர் எதிரி வேண்டும், கணினியில் புது உருவத்துக்கு இடமில்லை. மெக்னர் இளவரசனின் படத்தையே கொஞ்சம் மாற்றி நிழல் மாதிரி ஆக்கினார். நான்காவது கட்டத்தில் ஒரு நிலைக்கண்ணாடி வழியை மறித்து நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால்தான் போகலாம். பாய்ந்ததும் எதிர்ப்பக்கமாக இன்னொருவன் வெளியே குதித்து ஓடுகிறான். உங்கள் உயிரில் ஒன்றே ஒன்று மிச்சம். அதற்கப்புறம் அவன் உங்களுக்கு முன்னால் போய் மருந்தைக் குடிப்பான், கதவை அடைப்பான். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வாளோடு எதிரே நிற்பான். அவனை வெட்டினால் உங்களுக்குத்தான் வலிக்கும். அங்கே என்ன செய்யவேண்டும் என்று சொல்லவே மாட்டேன். நீங்களும் தயவுசெய்து தேடிப் படிக்காதீர்கள். நீங்களே கண்டுபிடிக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே இதை ஆடலாம்.

டூம், 1993. துப்பாக்கியோடு ஓடி ஓடி அரக்கர்களைச் சுடும் விளையாட்டு. இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இதில் மேலேயும் கீழேயும் பார்க்க வழியே கிடையாது, அதனால் கவனம் முழுக்க ஓட்டத்தில் இருக்கும். சுடுவதைவிட விலகி விலகி ஓடுவதுதான் இதில் சுகம் என்பது என் எண்ணம். முதல் பாகத்தை மட்டும் ஆடினால் போதும்.

போர்ட்டல் 2007இல் வந்தது. கிளாசிக் என்று சொல்லும் அளவுக்குப் பழசா என்று கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை ஆம். சுவரில் ஒரு ஓட்டை, தரையில் ஒரு ஓட்டை, இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம். உயரத்திலிருந்து தரை ஓட்டையில் விழுந்தால், அதே வேகத்தோடு சுவர் ஓட்டையிலிருந்து பறந்து வருவீர்கள். மாணவர்கள் சிலர் கல்லூரிக்காகச் செய்த விளையாட்டிலிருந்து பிறந்த யோசனை இது. மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீடியோ கேம் பிடிக்காது என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

குரோனோ டிரிகர், செல்டா எல்லாம் எங்கே என்று ஒரு கூட்டம் கேட்கும். எனக்கும் உயிர்தான். ஆனால் புதிதாக வருபவரிடம் இருபது மணி நேரத்துக்கு மேல் கேட்கும் விளையாட்டை முதலில் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

விளையாடும்போது ஒன்றிரண்டைக் கவனியுங்கள். மரியோ மாதிரியான விளையாட்டைத் தொடுதிரையில் ஆடாதீர்கள், கட்டைவிரலுக்குக் கீழே நிஜ பட்டன் இருக்கவேண்டும். டிவியில் ஆடினால், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள். படம் திரைக்கு வருவது கண்ணுக்குத் தெரியாத அளவு தாமதமானாலும் குதிப்பு தவறும், நாம் விளையாட்டைக் குறைசொல்லிவிட்டுப் போய்விடுவோம். செத்த இடத்திலிருந்தே தொடரும் வசதி இருந்தால் முதல் சில நாள் அதைத் தொடாதீர்கள்.

கிடைக்கும்போதே விளையாடுங்கள் என்பதையும் சொல்லவேண்டும். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போதே விற்பனையில் இல்லை. நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டவை. அதே அளவு அன்போடு செய்யப்பட்ட எத்தனையோ விளையாட்டுகளை இனி நேர்வழியில் வாங்கி ஆட முடியாது. இதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

அக்கா மகனிடம் நான் சொன்ன விளையாட்டு ஷேடோ ஆஃப் தி கொலோசஸ். 2005, ஃபுமிடோ உவேடாவும் அவர் குழுவும் செய்தது. இறந்துபோன ஒரு பெண்ணை மீட்க, ஓர் இளைஞன் 16 பேருருவங்களைக் கொல்லவேண்டும். ஊர் கிடையாது, வேறு எதிரிகள் கிடையாது. குதிரையும் வெட்டவெளியும்தான். பேருருவத்தின் உடம்பு மயிரைப் பற்றி ஏறும்போது ஒரு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். அது உதறும், பிடிமானம் குறையும், விரல் வலிக்கும். விட்டால் கீழே.

நான் வற்புறுத்தியதால் ஒருநாள் உட்கார்ந்தான். முதல் பேருருவத்தின் தலைமேல் நின்றபோது அவன் விரல் நுனி வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். அது சரிந்து விழுந்தபோது வெற்றி இசை வரவில்லை, துக்க இசைதான் வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவனாகவே வந்து கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்றாவதற்கு வந்துவிட்டான். பாலைவனத்துக்கு மேலே பறக்கும் நீண்ட உருவம். குதிரையில் துரத்திக்கொண்டே வயிற்றில் அம்பு விட்டுத்தான் அதைக் கீழே இறக்கவேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிப்போனவன் என் பக்கம் திரும்பி, "சித்தி, இது என்னை ஒண்ணுமே பண்ணலையே" என்றான்.

"இதையும் வீடியோவில் பார்த்திருப்பியே" என்றேன்.

"பார்த்தேன்தான்" என்றான். குதிரையை நிறுத்தினான். அம்பை எடுக்கவில்லை. அது தலைக்கு மேல் முழுசாக ஒரு சுற்று சுற்றிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.